பாடியவர்: சொர்ணம்

கம்ப்யூட்டரில் பாட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைக்க நினைப்பவனுக்கு முதலில் வரும் தொல்லை எழுத்துப்பிழைதான். ஒரே பாடகியின் பெயரை ஒரு பாட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு பாட்டில் வேறு மாதிரியும் யாரோ அடித்து வைத்திருப்பார்கள். நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இரண்டு ஆளாக வைத்துக்கொள்ளும். அதனால் நான் வேலையை ஆரம்பித்தபோது, ஏற்கெனவே இருந்த பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் படம், ஆண்டு, இசை, எழுதியவர், பாடியவர் என்று நானே தமிழில் அடித்தேன். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவன் நான். எந்த போல்ட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓய்வு பெற்ற அன்று கூட, எனக்கு அடுத்து வந்தவர் கேட்ட ஒரு வாஷரை இருட்டில் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மாலையைப் போட்டுக்கொண்டேன்.

மேடம், பெயர் உலகநாதன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொரட்டூரில் ஏரிக்குப் போகிற வழியில் மாடியில் குடியிருக்கிறேன். என் மனைவி சொர்ணம் போன மாசியில் இறந்துபோனாள். நுரையீரல் நோய். டாக்டர் வந்து பார்த்து சர்டிஃபிகேட் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. அதனால்தான் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொன்னதுமே நீங்கள், "ஐயா, வயசான காலத்துல மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வீட்ல யாராவது இருந்தா நம்பரைக் குடுங்க, வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முழுவதும் சொல்லிவிட்டு நம்பரைத் தருகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், சுதா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவர், குழந்தையோடு சென்னீர்குப்பத்தில் ஃப்ளாட்டில் இருக்கிறாள். அவள்தான் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, "அப்பா, உங்க கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போகுது. இதுல ஏத்திடுங்க, உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள். டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகும். கேசட்டை ஓடவிட வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அதில் குறுக்குவழி கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் அந்த வேலையில் இறங்கிய சமயத்தில்தான் சொர்ணத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வாங்கியது. அப்புறம் குளித்துவிட்டு வந்தால். அப்புறம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக நார் மாதிரி இறுகிக்கொண்டு போகிறது, போனது திரும்பாது, போகிற வேகத்தைத்தான் குறைக்கலாம் என்றார்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்தாள் சுதா. முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். இரவும் பகலும் உர்ரென்று ஓடும், நடுநடுவே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும். கரண்ட் போனால் மாற்றிப் போட மூலையில் ஒரு சிலிண்டர். விரலில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் கீச்கீச்சென்று கத்தும்.

கட்டிலும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில்தான். நான் அவளை விட்டு நகர்ந்ததே இல்லை. இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா பூங்காவனம் தினமும் மேலே வந்து சொர்ணத்துக்குத் தலை வாரிவிடுவாள். வரும்போதெல்லாம், "இன்னாக்கா, உன் ஊட்டுக்காரரு இன்னும் அந்தப் பொட்டியாண்டயே குந்திகினு கீறாரு?" என்பாள். சொர்ணம் சிரிப்பாள். "அவருக்கு இப்ப அதான் ஆபீசு" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவளுக்கு மூச்சு இளைக்கும்.

ஒரு நாள் ஒரு கேசட் கைக்கு வந்தது. உறையில் சொர்ணத்தின் கையெழுத்தில் 'ஆடி, கரையான்சாவடி' என்று இருந்தது. போட்டால், ரேடியோவிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகள். நான் பிடித்தவைதான். பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் நிறுத்தி நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் எனக்கு. ஒவ்வொன்றாகப் பெயர் அடித்துக்கொண்டே வந்தேன். பக்கம் முடியப் போகிற இடத்தில் டக்கென்று ஒரு சத்தம், ரெக்கார்டை நிறுத்தினால் விழுமே, அது. அதற்கப்புறம் பாதி வரியிலிருந்து ஒரு பெண் குரல். 'எறங்கி வா, என் தாயே' என்று மேலே இழுத்துக்கொண்டு போய், ஒரு இடத்தில் நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. கூட்டம் கை தட்டியது. அதற்குள் நாடா தீர்ந்துவிட்டது.

சொர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே, "அது நான்" என்றாள்.

"உன் கேசட்டா? அதுமேலயா நான் பதிஞ்சேன்?"

"ஆமா. சுதா வயித்துல இருந்தப்ப. காலி கேசட் வேற இல்லன்னு எடுத்தீங்க."

"நீ சொல்லியிருக்கலாமே."

அவள் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம், "அன்னிக்கு ரேடியோவுல நல்ல நல்ல பாட்டாத்தான் போட்டாங்க" என்றாள்.

இங்கே பழைய விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொர்ணம் கரையான்சாவடிப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் சுப்பராயன் என்பவர் நடத்திய இன்னிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி என்று கோயில் திருவிழாக்களில் பாடுவார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சமயத்தில் ஒரு மேடையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் நான் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். அந்தக் குரல் என் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அது ஒரு தப்பான ஆசை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கப்புறம் அவள் இரண்டு மூன்று நிகழ்ச்சிக்குப் போனாள். நான் போகாதே என்று சொன்னதில்லை. போய்விட்டு வந்த அன்றைக்கு எனக்குப் பசி இருக்காது, அவ்வளவுதான். அடுத்த சில நாள் அதிகம் பேச்சு வராது. அடுத்த ஆடிக்கு சுப்பராயனே வீட்டுக்கு வந்தார். அவரே எழுதி மெட்டுப் போட்ட அம்மன் பாட்டு, போன ஆடியில் சொர்ணம் பாடியது, அந்த வருஷத் திருவிழாவிலும் அவள்தான் பாட வேண்டும் என்று ஊரில் கேட்கிறார்களாம். சொர்ணம் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். "அவளுக்கு இப்பல்லாம் தொண்டை சரியில்லீங்க" என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது. சொர்ணம் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். சுப்பராயன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. தொண்டை சரியில்ல" என்றாள்.

அதற்கப்புறம் அவள் பாடவில்லை. சுதாவைத் தூங்கவைக்கக்கூடப் பாடினதாக நினைவில்லை. நான் தடுக்கவில்லை என்பதை மறுபடி சொல்கிறேன்.

அந்தக் கேசட் முடிந்ததும் நான் கம்ப்யூட்டரில் பாடியவர் என்கிற இடத்தில் 'சொர்ணம்' என்று அடித்துத் தேடிப் பார்த்தேன். நான் சேர்த்து, நானே பெயர் வைத்து, பிழை திருத்தி வைத்திருக்கிற அத்தனை பாட்டிலும் அந்தப் பெயர் இல்லை என்று வந்தது. பிழை இருக்குமோ என்று மறுபடி அடித்துப் பார்த்தேன் மேடம். ஊரில் இருக்கிற எல்லாருடைய குரலும் என் வீட்டில் இருக்கிறது. இவளுடையது இல்லை. சுப்பராயன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. கேசட்டில் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்த அந்த அம்மன் பாட்டு வேறு எங்கேயும் கிடைக்காது. கட்டிலில் படுத்திருக்கிறவளோடு அதுவும் போய்விடும். அன்றைக்கே ஒரு நல்ல மைக்குக்கு ஆர்டர் போட்டேன்.

"இப்பவா?" என்றாள் சொர்ணம், மைக்கைப் பார்த்துவிட்டு. சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும், "எனக்கு ஆசை இல்லங்க. விட்டுடுங்க" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை, மறுநாளும் பிடிக்கவில்லை. பூங்காவனம் கீழேயிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள், அதையும் தொடவில்லை. "இன்னாண்ணே, நீயும் படுத்துக்கினா யாரு பாக்கறது?" என்று திட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாள் சொர்ணம், "அந்த மைக்கை எடுங்க" என்றாள்.

மெஷின் சத்தம்தான் பிரச்சினை. பக்கத்திலேயே ஓடுகிறது, பதிவில் அவள் குரலைவிட அதுதான் பெரிதாகக் கேட்டது. நீளமான குழாய் வாங்கி மெஷினைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். உர்ர் போய்விட்டது. ஆனால் மூக்கில் காற்று சீறுகிற சத்தம் மைக்கில் விழுந்துகொண்டே இருந்தது. சிலிண்டரைப் போட்டாலும் அதே சீறல்தான். சத்தத்தை நீக்குகிற மென்பொருள் ஒன்று உண்டு, அதில் போட்டுப் பார்த்தேன். சீறலோடு சேர்ந்து குரலின் ஓரங்களும் போய்விட்டன. தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. அது சொர்ணம் இல்லை.

அதனால் மெஷினைத் திரும்பக் கட்டிலருகே கொண்டுவந்து, ஒரு வரிக்கு மட்டும் அதை நிறுத்திக் குழாயைக் கழற்றினோம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ரயில் எதுவும் போகாத நேரமாகப் பார்த்துக் கழற்றுவேன். எங்கள் வீட்டுக்கு ஆவடி ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். அவள் ஒரு வரி பாடுவாள். உடனே மெஷினைப் போட்டு மாட்டிவிடுவேன். முகம் கொஞ்சம் வெளுக்கும், அப்புறம் நிறம் திரும்பிவிடும். நிறம் திரும்பும் வரைக்கும் நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு வரி, முடிந்தால் இரண்டு. விரலில் இருக்கிற கருவி நடுவில் கத்திக் காரியத்தைக் கெடுத்ததால் அதையும் கழற்றி வைக்கப் பழகிக்கொண்டேன். கருவி இல்லாமலே அவள் எவ்வளவு தாங்குவாள் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு இருப்பு எவ்வளவு என்று பார்த்தாலே தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் இவ்ளோ சோர்ந்துட்டே? உதடெல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

"தூக்கம் இல்லடி. வேற ஒண்ணுமில்ல" என்றாள் சொர்ணம்.

என்னைப் பார்க்கவே இல்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிய வேண்டும் என்று அவளுக்கும் இருக்கிறது என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

ஒரு வழியாக எல்லா வரியும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டி, முழுப்பாட்டாக ஆக்கினேன். பூங்காவனத்துக்குப் போட்டுக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இன்னாமா பாடுற நீ. இத்தினி நாளா எங்க வெச்சிகினு இருந்த இத?" என்றாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நானும் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒட்டுகள் கேட்டன. ஒரு வரியில் குரல் தெளிவாக இருக்கும், அடுத்த வரி வேறொரு நாளில் பாடியது, களைத்திருக்கும். பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சே இருக்காது. ஒரு புடவையைப் பத்துத் துண்டாக வெட்டித் தைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பாடியவர் சொர்ணம் என்று பெயர் போட எனக்குக் கை வரவில்லை.

மாசி மாதம் அது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அவள் ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். பூங்காவனம் கீழே போய் டிவி சீரியல் போட்டுவிட்டாள், சத்தம் லேசாக மேலே கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"எல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னீங்களே" என்றாள் சொர்ணம்.

"ஒரே ஒரு தடவை, முழுசா. அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"முழுசாவா?"

நான் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து உட்காரக் கை நீட்டினாள். முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று தாண்டட்டும் என்று காத்திருந்தோம். தாண்டியதும் மின்விசிறியை நிறுத்தினேன். விரலில் இருந்த கருவியைக் கழற்றினேன். குழாயைக் கழற்றினேன். மெஷினை நிறுத்தினேன். இதெல்லாம் என் கையால் செய்தேன், கரண்ட் போகவில்லை. உங்களிடம் முதலில் நான் சொன்ன வாக்கியம் இதுதான்.

அவள் பாடினாள். கேசட்டில் இருந்த குரல் இல்லை, அதைவிடத் தாழ்வாக, மணல் கலந்த மாதிரி. பல்லவியை மெதுவாக எடுத்தாள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமோ கொடுக்கிற மாதிரி. முதல் சரணத்தில் 'ஏரி நெறஞ்சிருக்கு, எறங்கி வா, என் தாயே' என்கிற வரியில், எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் மேடையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். நான் ஹெட்ஃபோன் போட்டிருந்தேன். அழுதேன். அழுகிற சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது சரணத்தின் பாதியில் அவள் கை மூக்குப் பக்கம் போனது. குழாயைத் தேடுகிற கை. உதடு நீலமாகியிருந்தது, எனக்குத் தெரிந்தது. நான் ஒரு விரலைக் காட்டினேன். இன்னும் ஒரு வரி என்று அர்த்தம். அவள் என் விரலைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். பாடினாள்.

பாட்டு முடிந்த பிறகு மெஷினைப் போட்டேன், குழாயை மாட்டினேன், சிலிண்டரையும் முழுசாகத் திறந்தேன். முதுகைத் தடவினேன். நிறம் திரும்பவில்லை. ஜன்னலைத் திறந்து பூங்காவனத்தைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவளிடம், "கரண்ட் போயிடுச்சு, சிலிண்டரை மாத்தறதுக்குள்ள..." என்றேன். அவள் சொர்ணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டருக்கு ஃபோன் செய்ததும் அவள்தான். டாக்டரும், இந்த நிலையில் எதிர்பார்த்ததுதான் என்றார்.

காரியம் நடந்த அன்று பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது பூங்காவனம் யோசனையாக, "கரண்ட்டு எப்பண்ணே போச்சு? என் ஊட்ல டிவி ஓடிகினுதானே இருந்துச்சு" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஞாபகம் வந்து கேட்டாள். "ஒரு ஃபேஸ் போச்சு" என்றேன். "ஆமா, இந்த ஃபேஸு ரோதன வேற" என்றாள். அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அவளே, மாடிக்கு மட்டும் ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று சொன்னாள். அதைப் பற்றி நான் மறுபடி பொய் சொல்லத் தேவையே வரவில்லை. சுதா என் தோளில் சாய்ந்து, "நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாதுப்பா" என்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அப்புறம் பாட்டைச் சுத்தம் செய்யும் வேலை இருந்தது. முன்னால் இருந்த சலசலப்பையும், பின்னால் வேண்டாததையும் வெட்டினேன். குரல் கம்மியாக இருந்த இடங்களில் சத்தத்தைக் கூட்டினேன். பெயர் போட்டேன். இசை, சுப்பராயன். எழுதியவர், சுப்பராயன். பாடியவர், சொர்ணம். சுதாவுக்கு அனுப்பினேன். "எப்பப்பா எடுத்தீங்க?" என்று கேட்டாள். தீபாவளி சமயத்தில் கொஞ்சம் நன்றாக இருந்தபோது எடுத்தது என்றேன். தினமும் அவள் குழந்தையைத் தூங்கவைக்க அதைத்தான் போடுகிறாளாம். குழந்தை இப்போது பாதி வரி சேர்ந்து பாடுகிறதாம். ஃபோனில் பாடவைத்துக் காட்டினாள். 'எழங்கி வா' என்று பாடியது.

நேற்றுக் காலையில் சுதா மறுபடி ஃபோன் செய்தாள்.

"அப்பா, அம்மா பாட்டு கடைசியில டக்குனு நிக்குதுப்பா. வெட்டின மாதிரி."

"ஆமா, வெட்டினதுதான். பின்னாடி வெறும் சத்தம்."

"அதுக்கப்புறம் அம்மா ஏதாவது பேசினாங்களா?" என்றாள். "பேசியிருந்தா அதைக் குடுங்கப்பா. ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் போதும். அம்மா பாடறது இருக்கு, பேசறது எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. வீடியோவுல எல்லாம் நான்தான் பேசறேன், அம்மா கேமரா பக்கமே வரமாட்டாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். தேட ஒன்றுமில்லை மேடம். முழுப் பதிவையும் வெட்டிய அன்றைக்கே அழித்துவிட்டேன், மீட்க முடியாதபடி. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

கடைசியில் வெட்டியது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது, முடிந்த உடனே நிறுத்தக்கூடாது. பின்னால் கொஞ்சம் அமைதியை விட வேண்டும். அப்போதுதான் பாட்டு அறைக்குள் மெல்லக் கரைந்து முடிந்த மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். அதனால் சொர்ணம் கடைசி வரியை முடித்த பிறகும் நான் மெஷினைப் போடவில்லை. திரையில் அவள் குரல் மலை மலையாக எழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தது. அது அடங்கி நேர்க்கோடாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடு ஒரு தடவை அசைந்தது. "போதுமாங்க?" என்று கேட்டாள். ஹெட்ஃபோனில் என் காதுக்குள்ளேயே கேட்டது. சாதம் போடும்போது கேட்பாளே, அதே மாதிரிதான் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை மெஷின் பக்கம் நீண்டு, பாதியில் கட்டிலில் விழுந்தது. ஸ்விட்ச் என் காலடியில்தான் இருந்தது. கோடு நேராகும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் குரல் அதில் விழுந்திருக்கும்.